பட்டை உரிந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஜனவரியில் 38,000 ரேண்ட் கொடுத்துப் புது கிச்சன் கபட் போட்டோம். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, சிங்க் அடியில் பலகை உப்பிவிட்டது. தண்ணீரே படாத மேல் கபட் கதவுகளிலும், சாமி விளக்கு வைக்கும் தட்டிலும் பலகை விளிம்பில் ஒட்டிய ஓரப் பட்டை உரிகிறது. செய்தவரைக் கேட்டால், "டர்பன் ஈரத்துக்கு இப்படித்தான் ஆகும், நீங்களும் தண்ணீர் விட்டிருப்பீர்கள்" என்கிறார். உண்மையா?

பதில்: பாதி உண்மை அம்மா. மீதிப் பாதிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சிங்க். சாதாரண சிப்போர்டு என்பது மரத்தூளையும் சிம்பையும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசையில் புரட்டிச் சூட்டில் அழுத்திய பலகை. அந்தப் பசைக்குத் தண்ணீர் ஆகாது. மேலே மெலமைன் என்ற தண்ணீர் புகாத மேல்தாள் ஒட்டியிருப்பதால் நடுப்பரப்பு தாங்கும். குழாய்க்குத் துளை போட்ட இடம் திறந்த வாய். அங்கே சிலிக்கான் பூசி அடைத்திருக்கிறாரா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூசவில்லை என்றால் அது ஈரத்தின் குற்றமல்ல, வேலையின் குற்றம். பூசியிருந்தும் உங்கள் பழைய குழாய் ஒழுகியிருந்தால், அதை அவர் தலையில் கட்ட முடியாது.

இனி ஓரப் பட்டை. உரிந்த பட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மரத்தூள் பிய்ந்து அதோடு வந்திருந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது, பலகைதான் விட்டுக்கொடுத்தது. மரத்தூள் ஒன்றுமே இல்லாமல் பசை கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், அது பலகையைப் பிடிக்கவே இல்லை.

ஏன் பிடிக்காது? கடைகளில் ஓரத்துக்குப் போடுவது பெரும்பாலும் சூட்டில் உருகும் பசை. மெஷினில் அது 180, 200 டிகிரியில் இளகி ஓடும். பலகையில் பட்ட சில விநாடிகளுக்குள் பட்டை அதன்மேல் அழுந்த வேண்டும். மெஷின் சூடேறும் முன்பே வேலையைத் தொடங்கினாலும், குளிர்ந்து கிடந்த பலகையை அப்படியே ஓட்டினாலும், பசைமேல் பாலில் படிவது போல ஆடை படிந்துவிடும். ஆடை படிந்த பசை ஒட்டியது போலத் தெரியும், அவ்வளவுதான். பலகை ஓரத்தில் அறுத்த தூசியைத் துடைக்காமல் விட்டாலும் இதே கதை. அப்போது பசையில் உதிரித் தூசி மட்டும் இருக்கும், பிய்ந்த மரம் இருக்காது. இவை எதுவும் டர்பன் ஈரத்தில் சேராது.

விளக்குத் தட்டு மட்டும் வேறு. இந்த வகைப் பசை 80 டிகிரிப் பக்கம் போனாலே திரும்ப இளக ஆரம்பிக்கும். மேல் தட்டுக்கு நேர் அடியில் விளக்கு தினமும் எரிந்தால் எவ்வளவு நல்ல வேலையும் கழன்றுதான் போகும். விளக்கைச் சுவரோரம் தள்ளி, மேலே திறந்த இடமாகப் பார்த்து வையுங்கள். இதற்கு அவரோடு சண்டை வேண்டாம். இதையும் சேர்த்துக் கேட்டால் நியாயமான மற்றக் குறைகளையும் மறுக்க அவருக்கு வழி கிடைத்துவிடும்.

அப்புறம், "நானே வந்து ஒட்டித் தருகிறேன்" என்று டப்பாவில் காண்டாக்ட் பசையோடு வந்தால், மழை நாளில் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும், பசை வெளுத்துப் போகும். வெளுத்த பசையை ஒட்டினால் நிற்காது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. ஒரு ஜனவரி மாலை, வெளியே தூறல், அவசரமாக ஒரு புத்தகத் தட்டுக்கு மேல்தாள் ஒட்டினேன். பொங்கலுக்கு ஒட்டியது தைப்பூசம்வரைகூடத் தாங்கவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கையில் வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள், அவர் இல்லை. பழுது பார்த்த குறை 3 மாதத்துக்குள் திரும்ப வந்தால் மாற்றித்தர வேண்டும் அல்லது பணம் தர வேண்டும். பொருத்திய வேலையின் தரத்துக்கு 54ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. உங்களுக்கு ஜூலைவரைதான் நேரம். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே நாளைக் கடத்தாமல், படங்களோடு தேதி போட்டு இமெயில் அனுப்புங்கள். அவர் அசையவில்லை என்றால் நுகர்பொருள், சேவை ஓம்புட் (நடுநிலையாகப் புகாரை விசாரிப்பவர்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். நுகர்வோரிடம் கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் கடைக்காரரிடம் கேட்டதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கட்டும்.

கேள்வி: டோங்காட்டில் காய்கறி வியாபாரம். பக்கியின் (சின்ன சரக்கு வண்டி) பின்தளத்துக்கு, தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகையான "மரைன் ப்ளை" என்று சொல்லி விற்றார்கள். இரண்டு மழைக்குள் புத்தகம் மாதிரித் தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு தம்பி. வெளியில் போடும் ப்ளைக்கு வழக்கமாக ஃபினாலிக் பசை போடுவார்கள். ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். கோடு வெளிறியிருந்தால் சந்தேகப்படுங்கள். சாயம் கலந்தும் கறுப்பாக்கலாம் என்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது.

நல்ல பசையே போட்டிருந்தாலும் ஆலையில் அவசரப்பட்டால் போச்சு. இட்லித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓரம் வெந்திருக்கும், நடு மாவாக இருக்கும். அடுக்கிய மரத்தாள்களைச் சூட்டோடு அழுத்தும் பிரஸ்ஸின் சூடு வெளித்தாளிலிருந்துதான் உள்ளே போகிறது, நடு அடுக்கு கடைசியாகத்தான் சூடாகும். ஃபினாலிக் பசைக்கு 130, 140 டிகிரி வேண்டும். சீக்கிரம் பிரஸ்ஸைத் திறந்தால் நடுவில் பசை இறுகியிருக்காது. மரத்தாளைச் சரியாக உலர்த்தாமல் அடுக்கினால் உள்ளே நீராவி சிக்கி, திறந்த நிமிடமே கொப்புளமாக விலகும். அதிகமாகக் காய்ந்த தாளும் ஆகாது. பசையைச் சட்டென்று குடித்துவிட்டு ஒட்டுவதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காது.

கொப்புளத்தைக் காதால் பிடிக்கலாம். பலகையை நிமிர்த்தி வைத்து ஐந்து ரேண்ட் நாணயத்தால் கோடு போட்டது போலத் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது சத்தம் பொள்ளலாக மாறினால் அந்தப் பலகை வேண்டாம். பல பலகை வாங்குவதாக இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டுக்கு வெளியே பழைய டின்னில் ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். யூரியா பசை என்றால் பெரும்பாலும் அதற்குள்ளேயே விட்டுவிடும். இந்திய மரைன் ப்ளைக்கு 72 மணி நேரக் கொதி சோதனை இருக்கிறது, அதனால் ஒரு மணி தாங்கியதே மரைனுக்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"பக்கிக்கு, மழையில் நனையும்" என்று கடையில் சொல்லித்தானே வாங்கினீர்கள்? அப்படியானால் அதே நுகர்வோர் சட்டத்தின் 55ஆம் பிரிவு உதவும். எதற்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்குப் பொருந்தாத பொருளை, "ப்ளை என்றால் பிரியும்" என்று சொல்லித் தட்டிக் கழிக்க முடியாது. பில்லில் மரைன் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை எழுதச் சொல்லுங்கள், எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: மகன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ, நான்கு வருஷம் பெட்டியிலேயே இருந்தது. போன வாரம் போட்டேன், அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்தது. பணம் கேட்கலாமா?

பதில்: ஆறு மாதக் கணக்கு என்றோ முடிந்துவிட்டது, ஐயா. பாலியூரித்தேன் அடிப்பாகத்தைக் காற்றின் ஈரமே மெல்ல அறுத்துவிடும், போடாமல் வைத்தாலும் நடக்கும். ஒட்டிப் பார்க்க வேண்டாம், ஒட்ட அங்கே ஒன்றும் இல்லை. மேல்தோல் நன்றாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் அடி போடச் சொல்லுங்கள்.