வாசகர் கேள்வி – பதில்: சைவக்கடையில் வீகன் சாப்பாடு

இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேராத வீகன் சாப்பாடு பற்றித் திருகோணமலை நகரத்தைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கனடாவில் இருக்கும் என் பெறாமகள் இப்போது வீகனாம். ஆடி மாதம் வந்து மூன்று கிழமை எங்களோடு நிற்கப் போகிறாள். உப்புவெளியில் வெள்ளைக்காரருக்கான கடைகளை விட்டால், வெளியில் அவள் சாப்பிட இங்கே என்ன இருக்கிறது?
– வாசகி, அலஸ்தோட்டம்

நிறைய இருக்கிறது. எந்தக் கடையும் அதைப் பலகையில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கறிகளுக்குத் தடிப்பும் ருசியும் கொடுப்பது தேங்காய்ப்பால். அதனால் ஒரு சாதாரண சைவக்கடையின் மத்தியானச் சோற்றில் பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய், கீரை, வறை என்று முக்கால்வாசி அவளுக்கு ஒத்துவரும். காலையில் இடியப்பமும் சொதியும், பிட்டு, தோசை. அப்பமும் சாப்பிடலாம். ஆனால் முட்டையப்பம் சுட்ட அதே சட்டியில்தான் இதையும் சுடுவார்கள். அது அவளுக்குப் பொருட்டா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

கடையில் “வீகன் இருக்கிறதா” என்று கேட்காதீர்கள். “ஓம் பிள்ளை, எல்லாம் சைவந்தான்” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. சைவம் என்றால் அதில் பாலும் நெய்யும் அடக்கம். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: “அண்ணை, தோசைக்கு நெய் பூசுறீங்களோ, எண்ணெயோ? சாம்பாருக்கு எதில தாளிச்சனீங்கள்? பச்சடிக்குத் தயிர் விட்டதோ?” இந்த மூன்றையும் கேட்டால் சைவக்கடையில் அநேகமாகப் போதும். மச்சக் கடையென்றால் நாலாவதாக மாசிக்கருவாட்டையும் கேளுங்கள்.

நேரமும் முக்கியம். பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில் போனால் எல்லாக் கறியும் தனித்தனிச் சட்டியில் இருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு மிஞ்சின இரண்டு கறிதான். இரவில் பராட்டாவும் கொத்தும் என்றாகிவிடும், அங்கே அவளுக்கு அதிகம் இல்லை. எனவே மத்தியானம் வெளியில், இரவு வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் “வெஜிடபிள்” என்று பட்டியலில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பிரைட் றைஸில் முட்டையும் சிப்பிச் சோஸும் போகும், சூப்பில் கோழிக் கட்டி கரைந்திருக்கும். சொன்னால் தவிர்ப்பார்கள். ஓடர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், தட்டு வந்த பிறகு அல்ல.

நான் வேலைக்குப் போகிறவன். மத்தியானம் பக்கத்துச் சோற்றுக்கடையில் மரக்கறிப் பார்சல் வாங்குகிறேன். அது மச்சமும் விற்கிற கடை. பார்சலில் எதை ஒதுக்க வேண்டும்?
– வாசகர், உவர்மலை

முதலில் சம்பல். மச்சக் கடைத் தேங்காய்ச் சம்பலில், கட்டைச் சம்பலில், சீனிச்சம்பலில் மாசிக்கருவாடு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இடித்துச் சேர்ப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பல்லில் நார் போலத் தட்டுப்படும்போதுதான் தெரியும். சில கடைகளில் பருப்புக்கறித் தாளிதத்திலும் ஒரு பிடி போகும். கத்தரிக்காய் மோஜுவில் நெத்தலி சேர்ப்பவர்களும் உண்டு.

இரண்டாவது, யாரும் யோசிக்காதது: சோற்றின் மேல் வைக்கிற பொரித்த மோர்மிளகாய். மோரில் ஊறவைத்துக் காயவைத்தது அது. பெயரிலேயே மோர் இருக்கிறது. அப்பளத்தில் பால் இல்லை. ஆனால் மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள்.

மூன்றாவது அகப்பை. மீன்குழம்பில் இருந்த அகப்பை பருப்புச் சட்டிக்குள் போவதைக் கடை நெரிசலில் யாரும் கவனிப்பதில்லை. சனம் கூடுவதற்கு முன், பதினொன்றரைக்குப் போய்க் கட்டிக்கொள்வதே வழி. வெள்ளிக்கிழமைகளில் பல கடைகளில் மரக்கறி கூடுதலாகவும் மச்சம் குறைவாகவும் இருக்கும். ஒவ்வொரு நாளும் போகிற கடையென்றால் முதலாளியிடம் ஒருமுறை ஆறுதலாகச் சொல்லி வையுங்கள். தெரிந்த வாடிக்கைக்காரருக்குச் சம்பலை மாசி போடுமுன் ஒரு கிண்ணம் எடுத்து வைப்பது கடைக்காரருக்குப் பெரிய வேலையில்லை.

கொத்து?
– வாசகர், பாலையூற்று

மரக்கறிக் கொத்து என்று தனியாகக் கேட்டாலும் தட்டு ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான். முட்டையும் இறைச்சியும் கொத்தின தட்டைச் சுரண்டிவிட்டு உங்களுக்குக் கொத்துவார்கள். ரொட்டி மாவிலும் மாஜரின் இருக்கும், சில இடங்களில் முட்டை அல்லது பால். வீட்டில் செய்யலாம்: கோதுமை மா, உப்பு, தண்ணீர், தேங்காயெண்ணெய் சேர்த்து மெல்லிய ரொட்டி சுட்டு, ஆறவிட்டுக் கொத்துங்கள். சூட்டோடு கொத்தினால் களியாகும்.

பேக்கரிச் சாமான்களில் எதைச் சாப்பிடலாம்?
– வாசகி, அன்புவழிபுரம்

சாதாரண அச்சுப் பாணும் ரோஸ்ற் பாணும் மா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சீனி, கொழுப்பு. அந்தக் கொழுப்பு எது என்று மட்டும் கேளுங்கள். மாஜரின் சிலவற்றில் பாற்பொருள் கலந்திருக்கும். மேலே மினுங்குகிற பணிஸ் எதுவானாலும் முட்டை பூசியதாக இருக்கலாம். மரக்கறி ரோல்ஸும் கட்லட்டும் முட்டையில் தோய்த்துத் தூளில் பிரட்டிப் பொரிப்பவை. கடலை வடை, உளுந்து வடை பயமில்லை, இறால் வடை பொரித்த தாச்சி இல்லையென்றால். தேத்தண்ணி என்றால் “பிளேன்ரீ” என்று அழுத்திச் சொல்லுங்கள். இல்லையென்றால் ரின்பால் போட்டுத்தான் வரும்.

மாசி போடாமல் சம்பல் செய்தால் வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, சாம்பல்தீவு

மாசி கொடுப்பது இரண்டு: உப்போடு சேர்ந்த ஒரு ஆழமான ருசி, வாயில் அகப்படுகிற பொருக்கு. இரண்டையும் வேறு வழியில் கொடுக்க வேண்டும்.

பாதித் தேங்காய்த் துருவலுக்கு ஆறு செத்தல் மிளகாய், எட்டுச் சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி உப்பு. மிளகாயையும் உப்பையும் முதலில் இடியுங்கள். வெங்காயத்தில் பாதியை ஒரு சொட்டு எண்ணெயில் ஓரம் கருகும்வரை வாட்டிச் சேருங்கள், மற்றப் பாதி பச்சையாக. கடைசியில் துருவலைப் போட்டு இரண்டு மூன்று இடி, அதற்கு மேல் வேண்டாம். அரைத் தேக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி வறுத்து ஒன்றிரண்டாக இடித்த எள் சேர்த்துக் கையால் பிசறி, சாப்பிடும் நேரத்தில் பாதித் தேசிக்காய் பிழியுங்கள். சோயா சோஸில் உப்பு இருப்பதால் உப்பை முதலில் குறைத்தே போடுங்கள்.

பலரும் பிழைவிடும் இடம் மிக்ஸி. அது சுற்றச் சுற்றத் துருவலிலிருந்து பால் இறங்கிச் சம்பல் துவையலாகிவிடும். பிறகு குற்றத்தை மாசி இல்லாததன் தலையில் போடுவார்கள். உரல் இல்லாவிட்டால் அம்மியில் இரண்டு இழுப்பு போதும்.

தயிர் இல்லாமல் சோறு இறங்குவதில்லை. மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் தின்று பழகின நாக்கு. தேங்காய்ப்பாலில் தயிர் தோய்க்கப் பார்த்தேன். தண்ணீராகவே நின்று புளித்துப் போனது.
– வாசகர், லிங்கநகர்

தேங்காய்ப்பாலில் கொழுப்பு உண்டு, புரதம் மிகக் குறைவு. புளிப்பு ஏறும்போது புரதம் கட்டுவதால்தான் பால் தயிராகிறது. அது இல்லாவிட்டால் என்ன தோய்த்தாலும் உறையாது. எருமைத் தயிர் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்பதும் எருமைப்பாலில் புரதமும் கொழுப்பும் கூடுதல் என்பதால்தான். எனவே சோயாப்பாலில் தோயுங்கள். எருமைத் தயிருக்கு ஈடாகாது. சோற்றில் பிசைய நன்றாகவே இருக்கும்.

சோயா அவரை ஒரு கப் எடுத்து எட்டு மணித்தியாலம் ஊறவிடுங்கள். எங்கள் வெக்கைக்கு நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் நுரைத்து நாறும். கசக்கித் தோலைக் களைந்து, மொத்தம் ஐந்து கப் தண்ணீர் விட்டு மையாக அரைத்துத் துணியில் பிழியுங்கள். ஏறக்குறைய ஒரு லீற்றர் பால் வரும். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். சூடேறத் தொடங்கியதும் குபுக்கென்று நுரை எழும்பும். அதைக் கொதிப்பு என்று நினைத்து இறக்கிவிடுவதுதான் வழக்கமான பிழை. நெருப்பைக் குறைத்து, நுரை அடங்கி உண்மையாகக் கொதித்த பிறகு இன்னும் பதினைந்து நிமிடம் வையுங்கள். வேகாத சோயாவுக்குப் பச்சை மணமும் உண்டு, சமியாமல் வயிற்றைக் குழப்புகிற பொருளும் உண்டு.

விரல் வைத்தால் தாங்குகிற இளஞ்சூட்டுக்கு, 40 பாகை அளவுக்கு, ஆறியதும் ஒரு தேக்கரண்டி சீனி கரையுங்கள். மாட்டுப்பாலில் இருக்கிற பாற்சீனி சோயாவில் இல்லை. நுண்ணுயிருக்குத் தீன் வேண்டும். பிறகு பச்சை மிளகாயின் காம்புகள், மேல் மூடியோடு, எட்டுப் பத்து எடுத்துக் கழுவிப் பாலுக்குள் அமிழ்த்திவிடுங்கள். தயிராக்கும் நுண்ணுயிர் அந்தக் காம்பில் இருக்கிறது. மண்சட்டியில் ஊற்றி மூடி, ஆறு முதல் எட்டு மணித்தியாலம் அசைக்காமல் விடுங்கள். முதல் தடவை தளரத்தான் உறையும். அதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை விட்டால் இறுக்கமாக வரும். மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்து நின்றால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இளஞ்சிவப்பாகவோ பூஞ்சணமாகவோ ஏதும் தெரிந்தால் யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

கொழுமை வேண்டுமென்றால் தோய்க்கும் முன் அரைக் கப் கட்டித் தேங்காய்ப்பால் கலக்கலாம், அதற்கு மேல் போனால் மறுபடி இளகும். பிழிந்த சக்கையை வீசாதீர்கள். கடலைப்பருப்போடு பாதிக்குப் பாதி சேர்த்து வடை தட்டலாம். இந்தத் தயிரின் மேல் கித்துள் பாணி தாராளமாக விடலாம், அது தேன் அல்ல, மரத்துச் சாறு.

என் சொதி எப்போதும் திரைந்து போகிறது.
– வாசகி, நிலாவெளி

முதற்பாலை விட்டுக் கொதிக்க விடுகிறீர்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், வெந்தயம் எல்லாம் இரண்டாம் பாலிலேயே அவியட்டும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஓரத்தில் ஆவி எழும்பியதும் இறக்குங்கள். தேசிக்காய் இறக்கி ஐந்து நிமிடம் ஆறிய பிறகு. உப்பும் புளிப்பும் கொதிக்கிற பாலில் விழுந்தால் எந்தக் கைகாரியின் சொதியும் திரையும்.

ஆறு மாதமாக மகள் பால், முட்டை, மீன் ஒன்றும் தொடுவதில்லை. கீரையும் பயறும் நன்றாகச் சாப்பிடுகிறாள். வேறு ஏதும் கொடுக்க வேண்டுமா?
– தாய், செல்வநாயகபுரம்

விற்றமின் பி12 கட்டாயம். கீரையிலோ பயறிலோ பழஞ்சோற்றிலோ அதை நம்ப முடியாது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. குளிசையாக எடுப்பதென்றால் தினமும் 10 மைக்ரோகிராம் அல்லது கிழமைக்கு ஒருமுறை 2000. கிழமைக் கணக்கு இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், ஒரே நேரத்தில் உடம்பு உறிஞ்சக்கூடியது மிகக் கொஞ்சம் என்பதே. ஈரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கீரையில் நிறைய உள்ள போலேற்று என்ற விற்றமின், பி12 குறைவால் வரும் இரத்தச்சோகையை மறைத்துவிடும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். கால் விறைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மீன் நின்றதால் அயடீனுக்கு அயடீன் கலந்த உப்பையே பாவியுங்கள். கல்சியத்துக்குக் குரக்கன், எள், அகத்தி, முருங்கையிலை. இரும்புக்குக் கீரையோடு தேசிக்காய். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி. அவள் சிறுமியாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தால் அளவை வைத்தியரே சொல்ல வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாச் சத்துமாவில் பால்மா இருப்பதையும் அங்கேயே சொல்லிக் கேளுங்கள்.

கோயில் அன்னதானத்தில் வேண்டாம் என்று சொல்வது மரியாதையா?
– வாசகர், மனையாவெளி

எல்லாவற்றையும் மறுக்கத் தேவையில்லை. சோறு, சாம்பார், கறி வாங்குங்கள். பாயசத்துக்கும் மோருக்கும் இலையின் மேல் கையைக் காட்டினால் பரிமாறுபவர் தாண்டிப் போவார், ஒருவரும் காரணம் கேட்பதில்லை. மோதகம், கடலை, அவல் வாங்கலாம். பஞ்சாமிர்தத்தில் தேனும் நெய்யும் உண்டு.

இந்தியப் பைக்கற்றுகளில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன்தானே?
– வாசகி, ஆண்டாங்குளம்

இல்லை. சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பது மட்டுமே. பால், நெய், தேன் இருக்கலாம். வீகன் உணவுக்கு இந்தியா 2022இல் தனி ஒழுங்குவிதி கொண்டுவந்தது, அதற்கு வேறு சின்னம். சின்னம் இல்லாவிட்டால் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசியுங்கள்: மில்க் சொலிட்ஸ், வே பவுடர், கேஸீன் மூன்றும் பால், ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பும் தோலும். ஜெலி வேண்டுமென்றால் கடற்பாசி வாங்கிக் காய்ச்சுங்கள். சோயாமீற்றையும் விட்டுவிடாதீர்கள்; உருண்டை சோயாதான், கூட வருகிற சுவைத்தூள் பைக்கற்றில்தான் பால்மாவோ மச்சமோ இருக்கும். தூளை வைத்துவிட்டு உங்கள் வீட்டுக் கறித்தூளைப் போடுங்கள்.