பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை: கடுவனை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புக் காவலுக்கு ஜெர்மன் ஷெப்பர்ட் பெட்டை நாய் வளர்க்கிறேன். போன ஈற்றில் ஆறு குட்டிகள். மூன்று கடுவனில் ஒன்று, தடுப்பூசி போட்ட தொடை வீங்கிச் செத்துப்போனது. இன்னொன்றுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் இரண்டு நாள் ரத்தம் கசிந்தது. பெட்டைக் குட்டிகள் நன்றாக இருக்கின்றன. அடுத்த முறை வேறு கடுவனோடு சேர்க்கலாமா? மரபணுச் சோதனை அவசியமா?

பதில்: கடுவனை மாற்றிப் பயனில்லை, ஐயா. நீங்கள் சொல்வது ஹீமோஃபிலியா ஏ போலத் தெரிகிறது. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி என்ற புரதம் குறைந்துபோகும் நோய் இது. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குட்டிக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். தாய் இந்தக் குறையைச் சுமந்தால், எந்தக் கடுவனோடு சேர்த்தாலும் ஆண் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு நோய் வரும். பெண் குட்டிகளில் பாதி, வெளியே தெரியாமல் அதைச் சுமக்கும்.

ஆனால் மரபணுவுக்குப் போகுமுன் உண்ணிக் காய்ச்சலையும் எலி மருந்தையும் விலக்கியாக வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். சில எலி மருந்துகள் ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யை முடக்கும். அதைத் தின்ற நாய்க்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பி.டி. (PT), ஏபிடிடி (aPTT) என்ற இரண்டு சோதனையிலும் நேரம் நீளும். ஹீமோஃபிலியாவில் ஏபிடிடி மட்டும் நீளும். கசிந்த குட்டியைப் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் இவற்றைப் பற்றிக் கேளுங்கள். சோதனைக்கான ரத்தத்துக்குக் கழுத்து நரம்பில் ஊசி குத்த வேண்டாம், கால் நரம்பில் எடுத்து நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பிறகுதான் மரபணு. டாபர்மேன் நாய்க்கு வரும் வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு ரத்தக்கசிவு நோய்க்குக் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினாலே போதும்; மரபணுவில் பிழை எங்கே என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஹீமோஃபிலியாவில் பிழை குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனால் தாயின் மாதிரியோடு நோயுற்ற குட்டியின் மாதிரியையும் அனுப்பி, எந்தப் பிழையைத் தேடுகிறார்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘குறையில்லை’ என்று வரும் தாளை நம்பி ஏமாந்துபோவீர்கள்.

அதுவரை பெட்டையை இணை சேர்க்காதீர்கள். கசிந்த குட்டிக்குச் சதையில் ஊசி வேண்டாம். தடுப்பூசியை மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போடச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. விதை நீக்கம் செய்வதானால் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். பெட்டைக் குட்டிகளை யாருக்காவது கொடுத்திருந்தால், சோதிக்காமல் குட்டி போட வைக்க வேண்டாம் என்று இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள்.