அப்பாவுக்குப் புதிய கட்டுரை நூல்கள்

ஓய்வுபெற்ற அப்பா நாவல் வேண்டாம் என்கிறார், கிளை நூலகத்தின் புதுவரவு அலமாரியில் போட்டித் தேர்வு கைடுகள்தான் இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். வரலாறு பிடிக்கும் என்றதால் சொல்கிறேன், முதலில் ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024 சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வ.உ.சி. கைதான மறுநாள் நெல்லையில் மக்கள் கொதித்தெழுந்ததும், துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்ததும் நமக்கு ஒரு வரிச் செய்தியாகத்தான் தெரியும். அன்று தெருவுக்கு வந்த சாதாரண மனிதர்களைத் தேடிப்போகிறது இந்தப் புத்தகம். ஆய்வு நூல்தான், ஆனால் அப்பா கீழே வைக்க மாட்டார்.

அப்புறம் ஆர். பாலகிருஷ்ணனின் ‘ஒரு பண்பாட்டின் பயணம்: சிந்து முதல் வைகை வரை’. கொற்கை, வஞ்சி, தொண்டி போன்ற ஊர்ப்பெயர்கள் பாகிஸ்தான் பக்கமும் இருப்பதைக் காட்டி, சிந்துவெளி நாகரிகத்துக்கும் பழந்தமிழர் பண்பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடுகிறார். முடிவுகளை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. அதனாலேயே வீட்டில் பேச நிறைய கிடைக்கும். பெரிய புத்தகம், நூலகத்திலேயே உட்கார்ந்து புரட்டச் சொல்லுங்கள்.

இரண்டும் அங்கே இல்லையென்றால் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். வாசகர் கேட்டால்தான் அந்த அலமாரி மாறும்.