கேளுங்கள்: பஞ்சு பறக்கும் பாப்லர் எது?

கேள்வி: ராணுவத்தில் இருக்கும் என் அத்தை மகன் காஷ்மீரிலிருந்து இரண்டு வகைப் பாப்லர் மரத்தின் இலைகளை டைரிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். ஒன்று ‘ரஷ்யப் பாப்லர்’, மே மாதம் அதன் பஞ்சு பறந்தால் ஊரே தும்மும் என்கிறான். எது எதுவென்று மறந்துவிட்டது. இலைகளை அனுப்பியிருக்கிறேன். குச்சியை நட்டாலே துளிர்க்குமாம், எங்கள் வரப்பில் வைக்கலாமா?
– வாசகி, புளியரை

பதில்: இலைகள் உறைக்குள் நொறுங்கித்தான் வந்தன. காம்புகள் முழுதாக இருந்ததால் பிழைத்தேன். அவற்றை விரலிடுக்கில் வைத்து உருட்டினால் உருளவில்லை; இரண்டுமே நாடாபோலப் பக்கவாட்டில் தட்டை. லேசான காற்றுக்கே பாப்லர் சலசலப்பது இதனால்தான்.

பெரிய இலை முக்கோணம். காம்பும் இலையும் சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: கடுகில் பாதி அளவுக்குச் சிறு முடிச்சுகள். அவை சுரப்பிகள். இதுதான் உங்கள் ‘ரஷ்யப்’ பாப்லர். ரஷ்யாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொந்த ஊர் வட அமெரிக்கா. இலை கிரேக்க எழுத்தான டெல்டாவைப்போல இருப்பதால் பாபுலஸ் டெல்டாய்டஸ் என்று பெயர். காஷ்மீரில் 1980களில் ஏராளமாக நட்டார்கள்.

சின்ன இலை சாய்சதுரம், முடிச்சு இல்லை. இது பாபுலஸ் நைக்ரா இனத்தின் லம்பார்டி வகை. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து குச்சிகளாகவே ஊர் ஊராகப் பரவியது. பள்ளிக்கூட வளாகத்து நெட்டிலிங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஒல்லி வடிவம்.

பஞ்சுக்கு வருகிறேன். நம் பனையைப்போலப் பாப்லரிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. எருக்கம்பஞ்சு மாதிரி விதையைச் சுமந்து பறப்பது பெண்மரத்துப் பஞ்சு. லம்பார்டி பெரும்பாலும் ஆண்மரம், அதனால் பஞ்சு இல்லை. டெல்டாய்டஸிலும் ஆண்மரத்தை மட்டும் நட்டிருந்தால் இந்த வம்பே வந்திராது. இன்னொன்று: பஞ்சு மகரந்தம் அல்ல. அதே பருவத்தில், தும்மலைக் கிளப்பும் புல்பூண்டுகளின் மகரந்தமும் பறக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பஞ்சின் தலையில் பழி விழுகிறது.

வரப்பில் வேண்டாம், அம்மா. ஆரியங்காவு கணவாய் வழியே வந்த, தீக்குச்சிக்கு ஆகும் மட்டி மரத் தடிகளை முப்பது வருடம் அளந்தவன் சொல்கிறேன். பாப்லர் தடி ஒன்றுகூட அந்த வழியில் வந்ததில்லை. குளிரில் இலை உதிர்த்து உறங்கி எழும் மரம் அது. பஞ்சாபிலும் ஹரியானாவின் யமுனாநகரிலும் ஆறேழு வருடத்தில் ப்ளைவுட்டுக்கு வெட்டுகிறார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகையில் இருக்கும், குளிரே இல்லாத புளியரையில் அதற்கு ஏது உறக்கம்? பாப்லர் பலகையைப் பார்க்கத்தான் ஆசை என்றால், பழக்கடையில் காஷ்மீர் ஆப்பிள் வந்த பழைய மரப்பெட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

வரப்புக்குப் பூவரசு வையுங்கள். அதன் அறிவியல் பெயரில் உள்ள ‘பாபுல்னியா’வுக்கே பாப்லர் போன்றது என்றுதான் பொருள். அதுவும் போத்து நட்டால் துளிர்க்கும். ஜூன் சாரலில் மணிக்கட்டுப் பருமனுள்ள கம்பாக ஊன்றுங்கள். உங்கள் இலைகளைத் திருப்பி அனுப்பவில்லை, என் நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.