சர்க்கரை தானாகக் குறைவது நல்ல செய்தியா?

கேள்வி: எனக்கு வயது 61. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இருவேளை இன்சுலினும் கிளிபென்கிளமைடு மாத்திரையும் எடுக்கிறேன். வெறும் வயிற்றில் 170 இருந்த சர்க்கரை இப்போது 80-க்கு வந்துவிட்டது; சிறுநீரிலும் சர்க்கரை இல்லை. விடியற்காலையில் மட்டும் வியர்த்துப் படபடக்கிறது. கிரியாட்டினின் 2.4. நோய் குணமாகிவிட்டதா?

பதில்: இல்லை. உங்கள் கடிதத்தில் கவலை தருவது, நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்டுள்ள கிரியாட்டினின்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இந்தக் கழிவுப்பொருள் இரத்தத்தில் 2.4 வரை ஏறியிருப்பது, உங்கள் சிறுநீரகம் நலிந்திருப்பதைக் காட்டுகிறது.

நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதனோடு இறங்கும் சுமார் 180 கிராம் குளுக்கோஸை நுண்குழாய்கள் ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகின்றன. இரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாக மிச்சம் சிறுநீரில் கசியும். ஆகவே 80 இருக்கும்போது சிறுநீரில் சர்க்கரை இல்லாதது இயல்பே தவிர, நோய் போனதற்குச் சான்றாகாது.

சிறுநீரகத்துக்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. இரவில் வயிறு காலியாக இருக்கையில் கல்லீரலுக்குத் துணையாக அதுவும் புதிதாகக் குளுக்கோஸைத் தயாரிக்கிறது. மேலும், நீங்கள் ஊசியில் ஏற்றும் இன்சுலினில் பெரும்பங்கைச் சிதைத்து அகற்றுவதும் அதுதான். சிறுநீரகம் நலிவடைந்தால் தயாரிப்பு குறைகிறது, இன்சுலினோ உடலில் நெடுநேரம் தங்கிவிடுகிறது. கிளிபென்கிளமைடு உடலில் சிதைந்து உண்டாகும், சர்க்கரையைக் குறைக்கும் திறன் இழக்காத கழிவுகளும் வெளியேறாமல் தேங்குகின்றன. பழைய அளவே இன்று உங்களுக்கு அதிக அளவாகிவிட்டது. அந்த விடியற்கால வியர்வை பெரும்பாலும் தாழ்சர்க்கரையால் வருவதே.

இதே காரணத்தால் கிளிபென்கிளமைடு உங்களுக்கு ஏற்ற மாத்திரை அன்று என்பது என் கருத்து. ஆனால் இன்சுலினை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு குறைப்பது என்பதை, சர்க்கரை அளவுகளைக் குறித்துவைத்த நோட்டோடு உங்கள் மருத்துவரை நாளையே பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் (HbA1c) நன்றாக இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால் அந்தச் சராசரி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

அதுவரை, வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அப்போது ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைக்க வேண்டும். இந்த மாத்திரையால் வரும் தாழ்சர்க்கரை, தெளிந்த பிறகும் பல மணி நேரம் கழித்துத் திரும்ப வரும் என்பதால், எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது அவசியம்.