வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க, கரூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பா ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு பார்க்கிறார். மகள் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் வருடம். உலக வர்த்தகச் சட்டத்தில் பேராசிரியராக வேண்டும் என்கிறாள்.

"வாத்தியார் வேலைக்கு எதுக்குங்க இத்தனை வருசம்? லண்டன்ல ஒரு வருசம் எல்.எல்.எம்.னு சட்ட மேற்படிப்பு முடிச்சா பெரிய கம்பெனில சேர்ந்துக்கலாம்னு மச்சினர் சொல்றாருங்க. வீட்டை அடமானம் வெச்சா 40 லட்சம் புரட்டிரலாம்."

கவலைப்படாதீங்க என்று ஆரம்பித்தவன், அடமானம் என்றதும் நிறுத்திக்கொண்டேன். வேண்டாங்கண்ணா. அங்கே வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். மாதத் தவணைக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதை மச்சினர் கட்டப்போவதில்லை.

நீதிபதித் தேர்வு, கார்ப்பரேட் வேலை பற்றி ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். மகள் கேட்கிற வழிக்கு வருவோம். கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஒரே வருடத்தில் எல்.எல்.எம். முடிக்கலாம். அந்த வருடமே, உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் எழுதலாம். அதில் மேலே வந்தால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை; முனைவர் பட்ட ஆய்வுக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. படிக்கிறவளுக்குப் பணம் வருகிறது, போகவில்லை. வெளிநாட்டு ஆசை இருந்தால் அப்போது பார்க்கலாம். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலருக்குச் சம்பளமே உண்டு. இடையில் டெல்லியில் வர்த்தக அமைச்சகம் அமைத்த வர்த்தக, முதலீட்டுச் சட்ட மையத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தால், நாடுகளுக்கு இடையிலான வழக்கும் ஒப்பந்தமும் எப்படி உருவாகின்றன என்று பக்கத்தில் இருந்தே பார்க்கலாம்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் நிரந்தர இடம் சட்டென்று வராது. சில வருடம் கௌரவ விரிவுரையாளராக ஓட்ட வேண்டியிருக்கும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

"வெறும் வாத்தியார்" என்கிறார்களே, உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்வு விதிகளில் 8ஆவது பிரிவைப் பாருங்கள். வழக்கை விசாரிக்கும் குழுவில் உட்காரத் தகுதியுள்ளவர்கள் என்று அது சொல்பவர்களில், வர்த்தகச் சட்டம் கற்பித்தவர்களும் அதைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. அங்கே மேல்முறையீட்டை விசாரிக்கும் அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர்கள் இல்லாமல் முடங்கிக் கிடப்பது உண்மைதான். ஆனால் அது ஏன் முடங்கியது, அடுத்து என்ன என்று எழுத ஆள் வேண்டுமே!

பேச்சுக்கு நடுவே அந்தப் பெண், அப்பாவின் பையில் இருந்த ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் படிவம்) நகலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "சார், சுங்கக் கோடுல மேசை விரிப்புன்னா 6302, குஷன் உறைன்னா 6304. கோடு மாறுனா சில நாட்டுல வரியும் மாறும். இதை வெச்சே ஒரு கட்டுரை எழுதலாம்." அப்பா வாயடைத்துப் போனார். இருபது வருடமாக அவர் தட்டச்சு செய்யும் எண்கள் அவை.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கடல் ஆமைகளைக் காக்கும் கருவி இல்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்ததால் உலக வர்த்தக அமைப்பில் எழுந்தது இறால்–ஆமை வழக்கு. அதில் 1998இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இணையத்தில் இலவசம். ஆமை தப்பிக்கும் கருவியை வலையில் பொருத்த, கரீபியன் பகுதி நாடுகளுக்கு அமெரிக்கா மூன்று வருடம் கொடுத்தது. இந்தியா உள்ளிட்ட மற்ற நாடுகளுக்கு நான்கே மாதம். அந்தத் தீர்ப்பைப் படித்துப் பத்துப் பக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வரச் சொன்னேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வருகிறார்கள். மச்சினரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.