வெட்டிய பிறகு இரங்குவதும், தெரிந்தே வெட்டுவதும்

கேள்வி: 'அட்டாக் ஆன் டைட்டன்', 'டீமன் ஸ்லேயர்' ஆகிய இரண்டு ஜப்பானிய அனிமே (அசைபட) தொடர்களையும் விடாமல் பார்த்திருக்கிறேன். முதலாவதில் சீசனுக்குச் சீசன் கதை தலைகீழாகத் திரும்புகிறது. இரண்டாவதில் எப்போதும் ஒரே பல்லவிதான்: அரக்கன் வருவான், சண்டை நடக்கும், தலை விழும், உடனே அவனுடைய பழைய சோகக் கதை தொடங்கிவிடும். வண்ணங்களை எடுத்துவிட்டால் அதில் என்ன மிஞ்சும்? அதன் 'இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ் டப்பிங்கில் வந்தபோது, அகாசா என்ற அரக்கனின் கதையைப் பார்த்து என் தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். நான் சிரித்துவிட்டேன். அன்று தொடங்கிய வாக்குவாதம் வீட்டில் இன்னும் ஓயவில்லை. கதை சொல்வதில் எது உயர்ந்தது? தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் பெரிய படைப்பு 'அட்டாக் ஆன் டைட்டன்'. ஆனால் அதற்கு நீங்கள் காட்டும் காரணம் தவறு. தங்கையைப் பார்த்துச் சிரித்தது அதைவிடத் தவறு. (இரண்டு தொடர்களையும் இன்னும் பார்க்காத வாசகர்கள் இந்தப் பதிலைப் பிறகு படிப்பது நல்லது. முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது.)

கதை திரும்புவதுதான் கதை சொல்லும் திறமை என்று எண்ணியிருக்கிறீர்கள். திருப்பம் ஒரு முறைதான் தூக்கிவாரிப்போடும். இரண்டாம் முறை பார்க்கும்போது அது நமக்குத் தெரிந்த செய்தி. அப்போதும் நெஞ்சு பதறினால், அங்கே வேறு ஏதோ வேலை நடந்திருக்கிறது என்று பொருள்.

'அட்டாக் ஆன் டைட்டன்' உலகில், மனிதரைத் தின்னும் டைட்டன்கள் என்ற ராட்சதர்களுக்கு அஞ்சி மக்கள் உயர்ந்த மதில்களுக்குள் வாழ்கிறார்கள். சிலரால் டைட்டனாக உருமாறவும் முடியும். 2017-இல் வந்த இரண்டாம் சீசனில், நாயகன் எரெனின் சக வீரன் ரைனர் உண்மையை உடைக்கும் இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். மதிலின் மேல் எல்லோரும் களைத்துப்போய் நிற்கிறார்கள். அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடுகிறது. சற்றுத் தள்ளி நிற்கும் ரைனர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் மதிலை உடைத்தது நாங்கள்தான், நான் கவச டைட்டன், பக்கத்தில் நிற்கும் இவன் பேருருவ டைட்டன் என்று எரெனிடம் சொல்கிறான். நாளைக்கு ஊருக்குப் போகிறேன் என்று சொல்வதுபோலச் சொல்கிறான். முகத்தருகே காட்சி பாயவில்லை. இசை எழுந்து நம்மை உலுக்கவில்லை. கவனிக்காமல் இருந்தால் அந்த வரி காதைத் தாண்டிப் போய்விடும். முதல் முறை பார்க்கும்போது, இவனா துரோகி என்ற அதிர்ச்சி மட்டும்தான் கிடைக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரிகிறது, அவன் மனம் இரண்டாகப் பிளந்துவிட்டது. தான் கொல்ல வந்தவர்களோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் தூங்கி, அவர்களுக்கு அண்ணனாகவே ஆகிப்போன ஒரு பையனால் இரண்டு வாழ்க்கைகளையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை. நான் இந்தக் கதையை மதிப்பது அந்தப் பிளவுக்காக.

'டீமன் ஸ்லேயர்' ஒரே பல்லவி என்கிறீர்கள். உண்மைதான். அந்தப் பல்லவி எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

ஜப்பானின் 'நோ' என்ற மரபு நாடகத்தில் அறுநூறு ஆண்டுப் பழமையான ஒரு வடிவம் உண்டு. ஒரு துறவி ஓர் இடத்துக்கு வருகிறார். அங்கே இறந்துபோனவரின் ஆவி தோன்றித் தன் கதையைச் சொல்கிறது, ஆடுகிறது, தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி மறைகிறது. செயாமி எழுதிய 'அத்சுமோரி' இவ்வகையில் புகழ்பெற்றது. அதில் வரும் துறவி யார் தெரியுமா? இளைஞன் அத்சுமோரியைப் போர்க்களத்தில் தன் கையால் கொன்ற குமகாய். கொன்றவனே துறவியாகி, கொன்ற இடத்துக்கே வந்து, கொல்லப்பட்டவனின் கதையைக் கேட்கிறான். ஆவி வாளை ஓங்குகிறது. பிறகு, நீ இனி என் பகைவன் இல்லை என்று வாளைத் தாழ்த்திவிடுகிறது.

இப்போது 'டீமன் ஸ்லேயர்' நாயகன், அரக்கர்களை வேட்டையாடும் தன்ஜிரோவை நினைத்துப் பாருங்கள். வேட்டையர்களைத் தேர்ந்தெடுக்கும் மலையில் அவன் முதலில் எதிர்கொள்ளும் பெரிய அரக்கனுக்கு உடம்பெல்லாம் கைகள். தன்ஜிரோவின் குருவிடம் பயின்ற பிள்ளைகளைத் தேடித் தேடித் தின்றவன் அவன். அவனுடைய தலையை வெட்டுகிறான் தன்ஜிரோ. உடல் சாம்பலாகிக் கரைகிறது. கடைசியில் எஞ்சி நீளும் ஒரு கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அடுத்த பிறவியிலாவது அரக்கனாகப் பிறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டுகிறான். அதே நேரத்தில் அரக்கனுக்கு ஒரு நினைவு வருகிறது. இருட்டைக் கண்டு பயந்த சிறுவனாக, அண்ணனிடம் கையைப் பிடித்துக்கொள் என்று கேட்ட நினைவு. அந்த அண்ணனையும் அவனே தின்றிருந்தான். அத்தனை கைகள் முளைத்ததும் அந்த ஒரு கையைத் தேடித்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொடரின் நான்காம் எபிசோடிலேயே இது வந்துவிடுகிறது. வண்ணங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

நதகுமோ மலையில் ருயி என்ற சிறுவன் வடிவ அரக்கனின் உடல் கரையும்போதும் இப்படித்தான். கீழே கிடக்கும் சின்னஞ்சிறு கிமோனோவை மூத்த வேட்டையர் கியூ தொமியோகா காலால் மிதிக்கிறார். காலை எடுங்கள் என்கிறான் தன்ஜிரோ. மனிதரைத் தின்றவனைத் தயங்காமல் வெட்டுவேன், ஆனால் செய்ததற்கு வருந்துபவனை மிதிக்க மாட்டேன் என்பது அவன் நியாயம். எல்லோரும் கொண்டாடுவது இதற்கு முன்பு வரும் 19-ஆம் எபிசோடு. தொடரைத் தயாரித்த யூஃபோடேபிள் நிறுவனத்தின் தீயும் நீரும் அதில் கண்ணைப் பறிக்கின்றன, மறுக்கவில்லை. என் நினைவில் நிற்பதோ அந்தக் கிமோனோதான்.

பத்திரிகைக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொயோஹாரு கொதோகே 'டீமன் ஸ்லேயர்' கதையை முதலில் மங்காவாக (சித்திரக்கதையாக) எழுதியது 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில், 2016 பிப்ரவரி முதல் 2020 மே வரை, 205 அத்தியாயங்கள். வாரத்துக்கு இருபது பக்கம் அளவில்தான் இடம். வாசகர்கள் அனுப்பும் கருத்து அட்டைகளில் பின்தங்கினால் தொடரை நிறுத்திவிடுவார்கள். அந்த நெருக்கடியில் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று கைக்குக் கிடைத்தாக வேண்டும். ஹஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' வந்தது மாத இதழில், 2009 செப்டம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை, 139 அத்தியாயங்கள். ஒரு சாவியைக் காட்டி, அது திறக்கும் நிலவறையைப் பல ஆண்டுகள் கழித்துத் திறக்கும் அவகாசம் அவருக்கு இருந்தது. 2019 வசந்தத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் ஓடின: அங்கே நிலவறை திறந்தது, இங்கே தன்ஜிரோவின் குடும்பம் பனியில் கிடந்தது. ஒன்று ஒரே வாய்பாட்டை ஊதிப் பெரிதாக்கியது, மற்றது புத்திசாலித்தனமானது என்று அப்போதே பலர் பிரித்துவிட்டார்கள். நீங்களும் அந்தப் பிரிவினையை அப்படியே வாங்கிக்கொண்டீர்கள்.

அகாசாவுக்கு வருவோம். நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடிய பையன், மகன் திருடனானதைத் தாங்காமல் அந்தத் தந்தை தூக்கிட்டுக்கொள்கிறார். பிறகு ஒரு குரு, அவருடைய மகள், திருமணப் பேச்சு, கிணற்றில் கலந்த நஞ்சு, வெறுங்கையால் கொல்லப்பட்ட 67 பேர். விறுவிறுப்பான சண்டைக்கு நடுவே இவ்வளவு நீளக் கதையா என்று எரிச்சல் வந்திருக்கும். இந்த முறை வரிசை மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? தன்ஜிரோ தலையை வெட்டியும் அகாசா சாகவில்லை. தலையில்லாத உடல் எழுந்து மறுபடி சண்டைக்கு வருகிறது. பிறகுதான் நினைவு வருகிறது. நினைவு வந்ததும் தன்மீதே தன் அடியை இறக்கி, மீண்டும் முளைப்பதை நிறுத்திக்கொள்கிறான். வாள் முடிக்காத சண்டையை நினைவு முடித்துவைக்கிறது. அந்த நீளக் கதையை வெட்டினால் சண்டைக்கே முடிவு இல்லை. உங்கள் தங்கை அழுத இடத்தில்தான் படத்தின் ஆணி அடித்திருக்கிறது.

அப்படியானால் ஏன் டைட்டனை மேலே வைக்கிறேன்? கொதோகேயின் உலகில் இரக்கம் வரும் நேரம் பெரும்பாலும் பத்திரமான நேரம். தலை விழுந்த பிறகு, ஆபத்து தீர்ந்த பிறகு, எதிரியும் மனிதனாக இருந்தான் என்று தெரியவருகிறது. தன்ஜிரோவின் கை அதனால் நடுங்குவதில்லை. வெட்டியது சரியா என்ற கேள்வி அவனுக்கு எழுவதே இல்லை, எழத் தேவையும் இல்லை. மனிதரைத் தின்பவனை நிறுத்தியாக வேண்டும். அரக்கர்களின் தலைவன் முசானுக்கு அந்தக் கடைசி இரக்கமும் கிடையாது. வருந்தத் தெரியாதவனுக்கு ஆசிரியர் அதைக் கொடுக்கவில்லை, அது சரியான முடிவு.

இசயாமா அந்த நேரத்தை முன்னால் இழுத்துவைக்கிறார். 2020 டிசம்பரில் கடைசி சீசன் தொடங்கியபோது நமக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட எடுத்ததும் தென்படவில்லை. கடலுக்கு அப்பால், ரைனரின் தாய்நாடான எதிரி நாட்டில், பதுங்குகுழியில் காபி (Gabi) என்ற சிறுமியும் ஃபால்கோ என்ற சிறுவனும். கையில் பட்டை கட்டி, வேலிக்குள் வாழும் குடும்பங்கள். அவர்களோடு நம்மைப் பல எபிசோடுகள் குடியிருக்க வைக்கிறார். பிறகு ஓர் இரவு. மேலே மேடையில் உரை நடக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. கீழே ஒரு நிலவறையில் எரெனும் ரைனரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ரைனர் மண்டியிட்டு, எல்லாம் என் குற்றம், என்னைக் கொன்றுவிடு என்று அழுகிறான். உன்னைப்போலத்தான் நானும் என்கிறான் எரென். கை நீட்டுகிறான், ரைனரைத் தூக்கி நிறுத்துகிறான். பிடித்த அந்தக் கையில் ஏற்கெனவே ரத்தக் காயம் இருக்கிறது. அதே நொடியில் டைட்டனாகிறான். மேல் மாடிகளில் குடியிருந்தவர்கள் இடிபாட்டில் போகிறார்கள்.

தன்ஜிரோ கொன்ற பிறகு கையைப் பிடித்தான். எரென் கையைப் பிடித்துக்கொண்டே கொல்கிறான். எதிரியின் வலி தனக்கு முழுக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கொல்கிறான். ராம்ஸி என்ற அகதிச் சிறுவன் முன்னால் இன்னும் மோசம்: செய்யப்போவதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு அவனெதிரே தரையில் விழுந்து அழுகிறான் எரென். சிறுவனுக்கு அவன் பேசும் மொழி புரியவில்லை. பின்னால் அவன் கிளப்பிய பேருருவங்களின் காலடியில் அந்தச் சிறுவனும் போகிறான். எதிரியும் மனிதன்தான் என்று தெரிந்தால் கத்தி கீழே இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. இசயாமா அந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிடுகிறார். சண்டைக் கதையில் இவ்வளவு துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இத்தனை தூரம் கொண்டுவந்த எரெனின் மனத்தைக் கடைசியில் நண்பன் ஆர்மினோடு நடக்கும் ஓர் உரையாடலில் அவசரமாகக் கொட்டிக் கவிழ்த்தது மங்காவின் பிழை. 2023 நவம்பரில் வந்த அனிமே முடிவில் அந்தப் பேச்சைத் திருத்தி நீட்டினார்கள். முன்பைவிட நன்றாக இருக்கிறது, முழுதாகச் சரியாகவில்லை. 'டீமன் ஸ்லேயர்' செய்யும் பிழை வேறு. கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதையே தன்ஜிரோ மனத்துக்குள் பேசிப் பேசி விளக்குகிறான். எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் நூல் தெரிகிறது, வாசனை வருகிறது, கை வலிக்கிறது என்று. இவ்வளவு அழகாக வரைந்துவிட்டு, பார்வையாளரின் கண்ணை நம்பாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தங்கையிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு டைட்டனின் கடைசி சீசனை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். எரெனின் தோழி சாஷாவின் தந்தை, தன் மகளைச் சுட்டுக் கொன்ற சிறுமி காபியின் முன்னால் கத்தியோடு நிற்கும் இடம் வரும். வெட்டுவதற்கு அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. அந்தக் கத்தியை அவர் என்ன செய்கிறார் என்று திரையில் வருவதற்கு முன் நிறுத்தி, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். அவள் சொன்ன பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள்.